நாலாவது வரிசையில் பைப் ஒழுகுகிறது

"ஏறுறதுக்குத்தேன் டிக்கெட்டு. எறங்குறதுக்கு இங்க டிக்கெட்டு விக்கிறதில்ல."

மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அக்கா சொல்கிற முதல் பேச்சு இதுதான். அதற்கே கூட்டம் சிரித்துவிடும். அதன் பிறகு அவர் என்ன சொன்னாலும் சிரிக்கும். "காலு கீழ தொங்கும், செருப்பக் கழட்டி வைங்க" என்று வெறுமனே சொன்னால்கூடச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார்கள்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பார்க்கில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. மைக் அக்கா, அவ்வளவுதான். ஒல்லியான உடம்பு. நைலக்ஸ் சேலைக்கு மேல் பார்க்கில் கொடுத்த மஞ்சள் கோட்டு. மைக் ஒயரை இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நிற்பார், மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் போல.

பார்க் சிவகங்கை ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு பொட்டலில் இருந்தது. சுற்றிலும் கருவேலம். நடுவில் சிவப்பு பெயின்ட் அடித்த இரும்புக் குழாய்கள் வளைந்து வளைந்து வானத்தில் ஏறி நிற்கும். எங்கள் தொங்கு ரயில். மற்ற ரோலர் கோஸ்டர்களில் பெட்டி தண்டவாளத்தின் மேல் ஓடும். இதில் தண்டவாளம் நம் தலைக்கு மேலே. அதிலிருந்து நாற்காலிகள் தொங்கும். ஏறி உட்காரும்போது காலுக்குக் கீழே தரை இருக்கும். தோளுக்கு மேலிருந்து கம்பி இறங்கி நெஞ்சைப் பூட்டியதும் தரை நழுவிக் கீழே போய்விடும். முன்னால் மறைப்பு இல்லை, பக்கத்தில் கதவு இல்லை. துணிக்கடை வாசலில் தொங்குகிற சட்டை மாதிரி ஆள் முழுசாக வெளியே தெரிவான். இந்த மறைப்பில்லாத விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது கோஸ்டர் பைத்தியம். எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தபோதே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எந்தெந்த நாட்டில் என்னென்ன கோஸ்டர் இருக்கிறது என்று படம் பார்ப்பேன். ஒரு படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கி முடிவதற்குள் வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு. அப்படிப்பட்டவளுக்கு, எங்கேயோ ஓடிக் களைத்த ஒன்றைப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து மதுரைக்குப் பக்கத்தில் பூட்டுகிறார்கள் என்று தெரிந்தால் சும்மா இருப்பேனா. படிப்பு முடிந்த கையோடு போய்க் கேட்டேன். தொங்கு ரயிலின் கன்ட்ரோல் பேனலில் உட்கார வைத்தார்கள். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். அதுவும் பாதி உயரம்.

"வாங்க இஞ்சினியரு. பச்சைய அமுக்குனா போகும், செவப்ப அமுக்குனா நிக்கும். இதுக்கு நாலு வருசமா படிச்சீக?" என்றார் முதல் நாளே. எனக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

உட்கார்ந்தவர் யாரும் அக்காவிடமிருந்து தப்பி இறங்கியதில்லை. அதுதான் அவருடைய பெருமை. ஏறக்கூடாது என்று போர்டில் எழுதியிருக்கிறவர்களை அவர் ஏற்றவே மாட்டார். நெஞ்சுவலிக்காரர், மாசமாக இருக்கிற பெண், உயரம் போதாத பிள்ளை, இவர்களை வரிசையிலேயே கண்டுபிடித்து, சிரிக்க வைத்தே திருப்பி அனுப்புவார். ஆனால் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வெறும் பயத்தினால் எழுந்துகொள்ளப் பார்ப்பவனை மட்டும் விட மாட்டார். அவனுடைய சட்டைக் கலர், தலை வகிடு, கூட வந்த பெண், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மைக்கில் ஆரம்பித்தால், இறங்குவதைவிட மேலே போய்ச் சாவது மேல் என்று அவனுக்குத் தோன்றிவிடும்.

"பயந்தவன எறக்கி விட்டேன்னு வையி, ஆயுசுக்கும் பயந்துக்கிட்டுத்தேன் திரிவான். உக்கார வச்சு அனுப்பிட்டா ஒரு நிமிசந்தேன். எது புண்ணியம்?"

இதை அவர் மனதார நம்பினார். நானும் நம்பினேன். நம்பும்படி எத்தனையோ நடந்தது. அழுதுகொண்டே போன டீச்சர் ஒருவர் திரும்பி வந்ததும் மறுபடி ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். என் அப்பாவையே எடுத்துக்கொள்ளுங்களேன்.

அப்பாவுக்குக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. தல்லாகுளத்தில் வீடு. "ராட்டினம் சுத்துறதுக்கா உன்னப் படிக்க வச்சேன்" என்று வாரக் கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கையோடு கூட்டிப்போக நேரில் வந்துவிட்டார். அக்கா என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ, கொஞ்ச நேரத்தில் அப்பா கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கம்பி பூட்டியதும்தான் அவருக்குச் சுயநினைவு வந்தது. கையைத் தூக்கினார்.

மைக் கரகரத்தது. "கோர்ட்டாபீஸ் சார் ஒருத்தரு வந்திருக்காரு. ஊருல உள்ள கேஸுக்கெல்லாம் வாய்தா போட்டுப் போட்டே பழகிட்டாரு. இதுக்கும் அடுத்த மாசம் வாய்தா கேக்குறாரு. குடுக்கலாமா?"

"குடுக்காதக்கா" என்று வரிசை முழுக்கக் கத்தியது.

அப்பா போய்விட்டுத் திரும்பி வந்தார். தலைமுடி நெட்டுக்குத்தாக நின்றது. என் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காமல், "இன்னொருக்கா போகலாமாடி" என்றார். அன்றிலிருந்து வீட்டில் சமாதானம். ஒரு மனுஷி ஒரு மைக்கை வைத்துக்கொண்டு என் வாழ்க்கையில் இவ்வளவு செய்துவிட்டார் என்று எனக்கு அவர்மேல் ஏற்பட்ட பிரியத்தைச் சொல்லி முடியாது.

அவருக்கு வாயைவிடக் காது பெரிது. ரயில் கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொரு வரிசையாகப் போய்க் கம்பியை இழுத்துப் பார்ப்பது அவர் வேலை. அப்போது இவன் அவனிடம் கிசுகிசுப்பதும் புருஷன் பெண்டாட்டியிடம் முனகுவதும் அவர் காதில் விழும். அதுதான் அவருக்குச் சரக்கு. திரும்பி வந்து மைக்கை எடுத்தால் அது பாட்டாக வெளியே வரும்.

அவர் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். தெப்பக்குளத்துப் பக்கம் வீடு. மத்தியானம் சாப்பிடும்போது செல்போனில் அம்மாவோடு பேசுவார். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். மெதுவாக, வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது போல.

"அம்மாவையும் இப்படித்தான் கிண்டல் பண்ணுவீங்களாக்கா?"

"சேச்சே. எங்க பாஷையில நான் ரொம்ப மரியாதையான பொம்பள. வையக்கூட வராது. தமிழு வந்தாத்தேன் வாய் திறக்குது."

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன்.

தீபாவளிக்கு மறுநாள். தலைதீபாவளி மாப்பிள்ளைகளை மச்சினன்கள் ஊர் சுற்றிக்காட்டக் கூட்டி வருகிற நாள். வரிசை செருப்பு ஸ்டாண்டைத் தாண்டி ஐஸ்கிரீம் கடை வரை நின்றது. நாலாவது வரிசையில் ஒரு புது மாப்பிள்ளை. இரண்டு பக்கமும் அவன் மச்சினன்கள். மாமனார் வீட்டில் எடுத்துக் கொடுத்த சந்தனக் கலர் பேன்ட், இன்னும் மடிப்பு கலையவில்லை. புதுப் பெண் ஏறவில்லை. எல்லோருடைய பர்ஸையும் போனையும் மடியில் கட்டிக்கொண்டு கம்பித் தடுப்பு ஓரமாக நின்று புருஷனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

கம்பி பூட்டியாயிற்று. தரை இறங்கிவிட்டது. அவன் காலைப் பார்த்தான். பெரிய மச்சினன் பக்கம் தலையைத் திருப்பித் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். தமிழ் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. மச்சினன் சிரித்துக்கொண்டு அவன் தொடையில் தட்டினான். அக்கா அந்த வரிசையின் கம்பியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு திரும்பி வந்து மைக்கை எடுத்தார்.

"நாலாவது வரிசையில நம்ம புது மாப்ள. மச்சினங்கிட்ட ரகசியமா என்ன சொல்றாருன்னு தெரியுமா? 'வயித்தக் கலக்குது, என்னய எறக்கி விடச் சொல்லுங்க, அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்'ங்கிறாரு." கொஞ்சம் இடைவெளி. "நாங்க சொல்ல மாட்டோம் மாப்ள. நீங்க போயிட்டு வாங்க. யாரும் அந்தப் பிள்ளகிட்டச் சொல்லிராதீங்கப்பா."

வரிசை வெடித்தது. எல்லாத் தலையும் தடுப்பு ஓரத்துக்குத் திரும்பியது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். வேறென்ன செய்வாள், ஊரே சிரிக்கும்போது.

அவன் சிரிக்கவில்லை. அவன் பார்த்தது அக்காவைத்தான். இந்தக் கூட்டத்தில் யாருக்கும் புரியாது என்று நம்பி, வீட்டு மொழியில் வீட்டு ஆளிடம் சொன்ன வார்த்தை அது. கேட்டவர்களில் ஒருத்தி அதே வீட்டு மொழிக்காரி என்று அவனுக்கு எப்படித் தெரியும். மஞ்சள் கோட்டில் எழுதியா ஒட்டியிருக்கிறது. அக்கா கையைக் காட்டினார். ரயில் கிளம்பியது.

ஒரு நிமிஷம்தான். திரும்பி வந்து நின்றதும் தரை மேலே வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை எல்லோரும் வரிசைக்கு நேர் எதிரே காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அந்தரத்தில் இருக்க வேண்டும். சந்தனக் கலர் பேன்ட் முன்பக்கம் முழங்கால் வரை கறுத்திருந்தது.

முதலில் பார்த்தது நான். அடுத்தது அக்கா. வரிசையில் இன்னும் யாரும் கவனிக்கவில்லை. இறங்குகிற கும்பலோடு கும்பலாக அவன் போயிருந்தால் ஒருவேளை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். அக்காவின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பதற்றம். அந்தப் பையனைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. காப்பாற்ற அவர் கையில் இருந்தது மைக் ஒன்றுதான்.

"பைப்பு ஒழுகுது. நாலாவது வரிசைக்கு மேல தண்ணி பைப்பு ஒழுகுது. நனைஞ்சிருந்தா யாரும் தப்பா நெனைக்காதீங்க."

கிண்டலே இல்லாத குரல். அம்மாவோடு பேசுகிற குரல். ஆனால் அது மைக்கில் வந்தது. மைக்கில் அக்கா பேசினால் அது ஜோக்.

நாலாவது வரிசை எது என்று எல்லோரும் எண்ணிப் பார்த்தார்கள். பிறகு வந்த சிரிப்பைப் போல ஒரு சத்தத்தை நான் அந்தப் பார்க்கில் அதற்கு முன்னால் கேட்டதில்லை. விசில். கைதட்டல். ஒரு தகப்பன் தன் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டினான். கோடை காலத்தில் மட்டும் தண்ணீர் தெளிக்கிற குழாய் ஒன்று மேலே இருந்தது உண்மைதான். அது ஐப்பசி மாசம். மழைக் காலம் என்று அடைத்து வைத்த குழாய் காய்ந்து கிடந்தது. சின்ன மச்சினன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தான்.

கம்பி திறந்ததும் மாப்பிள்ளை நேராக நடந்தான். செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் போகவே இல்லை. வெறுங்காலோடு கேட் வரை போய், ரோட்டில் வந்த பஸ்ஸைக் கை காட்டி ஏறிப் போய்விட்டான். அந்தப் பெண் பர்ஸுகளையும் போன்களையும் கட்டிக்கொண்டு பாதி தூரம் ஓடிப் பார்த்தாள்.

அடுத்த வாரம் அவள் தனியாக வந்தாள். பேனல் பக்கத்தில் நின்று, "அன்னைக்கு மைக்ல பேசுனது யாரு?" என்று என்னைக் கேட்டாள். நான் அக்காவைக் காட்டினேன். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுங்க எங்க வீட்டுப் பக்கமே வரலக்கா. செல்லூர்ல அவுக வீட்டுல இருக்காங்க. நான் போனா ரூம விட்டு வெளிய வர மாட்டேங்கிறாங்க. உன் மொகத்தப் பாத்தா அந்தச் சிரிப்புத்தேன் தெரியுதுங்கிறாங்க. எங்கண்ணனுக வேற, பைப்பு மாப்ள, பைப்பு மாப்ளன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கானுக. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. பைப்பு ஒழுகிச்சுன்னு."

அக்கா என்னைப் பார்த்தார்.

"ஒழுகிச்சோ ஒழுகலையோ எனக்கு வேணாம்க்கா. ஒழுகிச்சுன்னு வந்து சொல்லுங்க, போதும்."

அன்று சாயங்காலமே என் ஸ்கூட்டியில் அக்காவை ஏற்றிக்கொண்டு செல்லூர் போனேன். ஸ்டாண்டில் கிடந்த அந்தப் புதுச் செருப்பை அக்கா ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். ஆற்றுப் பாலத்தில் நெரிசல். வண்டி நின்றபோது கேட்டேன்.

"ஏன்க்கா அதப் போயிச் சொன்னீங்க?"

"வாயில வந்துருச்சு இஞ்சினியரு. காதுல விழுந்தது எங்க பாஷை. வாயில வந்தது தமிழு. நடுவுல நான் இல்ல."

சந்துக்குள் சந்து. எல்லா வீட்டிலிருந்தும் பவர்லூம் சத்தம். அவன் வீட்டு முன்கட்டில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவன் தறியை நிறுத்தினான். உட்காரச் சொல்லவில்லை. அக்கா செருப்புப் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு நின்றபடியே பேசினார். அவர்கள் மொழியில். எனக்கு ஒன்றும் புரியவில்லை; ஆனால் அவர் சொன்னது நிஜம் என்று மட்டும் புரிந்தது. அந்த மொழியில் அவர் மரியாதையான பெண்மணிதான். கை இரண்டும் முந்தானையைப் பிடித்திருந்தது. குரல் ஒரு இடத்தில் உடைந்தது. அந்தக் குரலில் ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் எதையும் மன்னித்திருப்பேன்.

அவன் கடைசிவரை கேட்டான். பதிலைத் தமிழில் சொன்னான், எனக்கும் கேட்கட்டும் என்பது போல.

"நான் அன்னைக்கு எங்க பாஷையிலதான சொன்னேன். நீங்கதான அதத் தமிழாக்கி ஊருக்கே சொன்னீக. இதையும் அதே மாதிரி சொல்லுங்க. அதே எடத்துல, அதே மைக்ல. எம் மச்சினனுக நிக்கணும். சனம் நிக்கணும்."

"சொல்றேன் தம்பி."

"செருப்ப எடுத்துட்டுப் போங்க. அங்க வந்து போட்டுக்கிறேன்."

திரும்பும்போது அக்கா உற்சாகமாகவே இருந்தார். மைக்கில் பேசுவது என்ன அவருக்குப் புதுசா. மேனேஜரிடம் போய் அனுமதி கேட்டார். மேனேஜர் முதலாளிக்கு ஏதோ உறவு. பார்க்கில் நடக்கிற எல்லாவற்றுக்கும் நாளைக்குக் கேஸ் வரும் என்ற பயத்திலேயே இருப்பவர். "தாராளமா கேளு. ஆனா நம்ம மன்னிப்புக் கேட்டதுக்கு ஆதாரம் வேணும்" என்று சொல்லி, பாட்டுப் போடுகிற டெக்கில் ஒரு புது கேசட்டைப் போட்டு ரெக்கார்டு பட்டனை அமுக்கி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நல்ல கூட்டம். அவன் வந்திருந்தான், அந்தப் பெண்ணோடு. பஸ்ஸிலிருந்து இறங்கியதிலிருந்து அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்த பிடி விடவில்லை. மச்சினன்கள் இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி, வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட முகத்தோடு. ரயிலை நிறுத்தி வைத்தேன். அக்கா மைக்கை எடுத்தார். தட்டிப் பார்த்தார்.

தட்டியதற்கே முன்வரிசையில் நின்ற காலேஜ் பையன்கள் விசிலடித்தார்கள்.

"தீபாவளிக்கு மறுநாள், இந்த எடத்துல, ஒரு தம்பிய நான் பேசக்கூடாதத பேசிட்டேன்."

சிரிப்பு. ஆரம்பம் அருமையாக இருக்கிறது என்கிற சிரிப்பு.

"சிரிக்காதீங்க. நெசமாத்தேன் சொல்றேன்."

சிரிப்பு பெரிதானது. இப்படி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு அக்கா பேசி அவர்கள் பார்த்ததில்லை. புது மாதிரியான ஜோக் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"அவரு பயப்படல. நாலாவது வரிசைக்கு மேல தண்ணி பைப்பு இருக்கு. அதுதேன் ஒழுகுச்சு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

யாரோ பின்னாலிருந்து, "எந்தப் பைப்புக்கா?" என்று கத்தினான். அதற்கு ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்பைக் கேட்டு இன்னொரு சிரிப்பு. ஐஸ்கிரீம் கடையிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடிவந்தார்கள். அக்கா பேச்சை நிறுத்தினார். பக்கத்திலிருந்து பார்க்கிறேன், வாய் திறந்தபடி இருக்கிறது. வார்த்தை வரவில்லை. கூட்டமும் கப்பென்று அடங்கியது, அடுத்தது என்ன என்று.

"மன்னிச்சுக்கங்க தம்பி" என்றார்.

சிரிப்பில் கூரை பறந்துவிட்டது. அவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற பெரிய மச்சினனும் அதில் தோற்றுவிட்டான். வாயைப் பொத்திக்கொண்டான், தோள் குலுங்கியது. மாப்பிள்ளை அதைப் பார்த்தான். பெண்டாட்டியின் விரல்களைத் தன் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விட்டான். அக்காவைப் பார்த்துக் கும்பிட்டான், சொன்ன வாக்கைக் காப்பாற்றினீர்கள் என்பது போல. பிறகு கேட்டை நோக்கி நடந்தான். இந்தத் தடவை அவள் பஸ் வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். படியில் கால் வைத்தவளை அண்ணன்கள் பிடித்து இறக்கினார்கள். "அவன் கெடக்கான், வா" என்று பெரியவன் சொன்னது எனக்குக் கேட்டது. கொஞ்சம் முன்னால் சிரித்தது அவன்தான்.

அவன் செருப்பு அந்தப் பையோடு ஸ்டாண்டிலேயே கிடந்தது. அக்கா அதை யாரையும் தொட விடவில்லை.

அதற்கப்புறம் அப்பா ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "இன்னைக்குக் கோர்ட்டு வராந்தாவுல டைவர்ஸுக்கு வந்த ஒரு ஜோடி. வக்கீல் காரணம் என்னன்னு கேட்டா ரெண்டும் வாயத் தொறக்கல. கடைசியில அந்தப் பிள்ளையோட அண்ணன்காரன் சொல்றான், ரோலர் கோஸ்டராம்." சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பார்க்கைப் பற்றியும் சொல்லி முடித்துவிடுகிறேன். மேனேஜர் ஆதாரத்துக்காக எடுத்த கேசட்டைப் போட்டுக் கேட்டிருக்கிறார். கூட்டத்தின் சிரிப்போடு சேர்த்து அருமையாகப் பதிவாகியிருந்தது. பொங்கல் லீவுக்கு, ரயில் வரும்வரை வரிசையில் நிற்பவர்களுக்குப் பொழுதுபோக்காக அதையே போட்டார். நல்ல வரவேற்பு. அக்கா போய்க் கேட்டார். நிறுத்தச் சொன்னார். "உன் குரலு, என் கேசட்டு. ரெண்டு பேருக்கும் பேருதானே" என்றார் மேனேஜர்.

கொஞ்ச நாள் இரண்டும் நடந்தது. ஒரு பக்கம் ஸ்பீக்கரில் அக்கா மன்னிப்புக் கேட்பார். இன்னொரு பக்கம் அக்கா நின்றுகொண்டு கம்பியை இழுத்துப் பார்ப்பார். மைக்கை எடுத்தால் செருப்பைக் கழற்றச் சொல்வதோடு சரி. அதற்கும் சிரித்தார்கள். பயந்து கையைத் தூக்கியவர்களை ஒன்றும் சொல்லாமல் இறக்கி விடச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். இறங்கியவர்கள் ஏமாந்த மாதிரி போனார்கள். கேசட் சம்பளம் கேட்பதில்லை, லீவு கேட்பதில்லை, யாரையும் இறக்கி விடுவதில்லை. சித்திரை பிறப்பதற்கு முன்னால் அக்காவை நிறுத்திவிட்டார்கள். போகிற அன்று மஞ்சள் கோட்டை மடித்து என் மேஜையில் வைத்தார். ஜவுளிக்கடைப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

நான் இன்னும் சில வருஷம் அங்கே இருந்தேன். ரயில்மேல் இருந்த கிறுக்கு போகவில்லை. அந்த இரும்பு என்ன பாவம் பண்ணியது. அது ஏற்றியதை ஏற்றியபடியே கொண்டுவந்து இறக்கியது. ஒருவரைக்கூட அது கிண்டல் பண்ணவில்லை.

பரவை மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. தங்கை வீட்டுக்கு வந்தாராம். கையில் வெங்காயப் பை. என்னை அடையாளம் கண்டுகொண்டு, "என்ன இஞ்சினியரு, பச்ச பட்டன் தேஞ்சு போச்சா?" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பாவைப் பற்றிக் கேட்டார். பிறகு பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்:

"என் கேசட்ட இன்னும் போடுறாகளா?"

"சிடியா மாத்திட்டாங்கக்கா. போடுறாங்க."

"சிரிக்கிறாகளா?"

"சிரிக்கிறாங்க."

வெங்காயப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எந்த எடத்துல?"

பைப் என்று வருகிற இடத்தில் என்று சொல்லியிருக்கலாம். அங்கேயும் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் கேட்டது அவர்.

"மன்னிச்சுக்கங்க தம்பின்னு சொல்வீங்கள்லக்கா. அந்த எடத்துல."

அக்கா தலையை ஆட்டினார்.

"ஆமா" என்றார். "அங்கதேன் கொஞ்சம் நிறுத்திச் சொன்னேன்."